சுத்தியலா, கட்டிலா? கடலூர், புதுச்சேரி லாரி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லாரி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரில் இரண்டு வண்டி வைத்திருக்கிறேன். ஒன்று பத்து சக்கரம், ஒன்று ஆறு சக்கரம். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் நானே ஸ்டீயரிங் பிடித்தவன். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். கூட்டத்தில் நான் பேசியதில்லை. எழுந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தார் என்று குறித்து வைக்கிற டேக்கோகிராஃப் என்ற கருவி ஐரோப்பாவில் எல்லா லாரியிலும் இருக்கிறது, ஒருநாள் இங்கேயும் வரும் என்று ஒருவர் சொன்னார். விமானிகளைப் போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021 செப்டம்பரில் சொன்னதையும் ஞாபகப்படுத்தினார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஜிபிஎஸ் வச்சாச்சு, ஸ்பீடு கவர்னர் வச்சாச்சு, பாஸ்டேக் ஒட்டியாச்சு. இன்னும் என்ன, டிரைவர் வயித்துல மீட்டர் வைக்கணுமா?” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் பத்து சக்கர வண்டி ஊத்தங்கரை தாண்டி ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறியது. விடியற்காலை மூன்று ஐம்பது. கிளீனர் இல்லாத வண்டி (இப்போது யார் கிளீனர் வைக்கிறோம்?), அதனால் இடது பக்கம் நசுங்கியதில் உயிர்ச்சேதம் இல்லை. டிரைவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஒன்பது வருடம் என் வண்டியை ஓட்டியவர். ஒரு கண்ணாடி உடைந்ததாகக்கூட அதற்கு முன் கணக்கில்லை.

எஃப்.ஐ.ஆரில் வழக்கமான வாசகம்தான்: “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி”. ஜிபிஎஸ் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். மோதிய நேரத்தில் வேகம் 46 கிலோமீட்டர். அதிவேகம் எங்கே இருக்கிறது? அதே ரிப்போர்ட்டில் இன்னொரு வரியும் இருந்தது. முந்தைய நாள் முழுக்க, கிட்டத்தட்ட பதினாலு மணி நேரம், வண்டி நின்றிருக்கிறது. இன்சூரன்ஸ் சர்வேயரிடம் அந்த வரியைக் காட்டி நானே சொன்னேன்: “பகல் பூரா வண்டி நின்னுதான் இருந்துது சார். நல்லா ரெஸ்ட் எடுத்துட்டுத்தான் கிளம்பியிருக்காரு.”

ஆஸ்பத்திரியில் அவரிடமும் அதையே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “அண்ணே, நான் எப்ப தூங்கினேன்?” என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து மணி மணியாக எண்ணினோம். சென்னையில் லோடு இறக்கிவிட்டு நள்ளிரவு பன்னிரண்டரைக்குக் கிளம்பி, ஈசிஆர் வழியாக வந்து, காலை ஐந்து நாற்பதுக்கு ஒரு கம்பெனி கேட்டில் வண்டியைப் போட்டிருக்கிறார். கம்பெனி பெயர் வேண்டாம்; அந்த மாதிரி நாலு கேட் நம் எல்லோருக்கும் தெரியும். டோக்கன் நம்பர் 23. எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை வாட்ச்மேன் விசில் அடிப்பார். வண்டியை நாலு அடி முன்னால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பின்னால் நிற்பவன் புகுந்துவிடுவான். வண்டிக்கு அடியில் பெட்ஷீட்டை விரித்துப் படுத்தாலும் காது விசிலில்தான் இருக்கும். சித்திரை வெயில், தகரமாய்க் கொதிக்கிற கேபின். மாலை நாலரைக்கு உள்ளே போய், எடை மேடையில் ஏற்றி, லோடு ஏறி, மறுபடி எடை போட்டு, பில் வாங்கி, தார்பாய் இழுத்துக் கயிறு கட்டி வெளியே வரும்போது இரவு எட்டேகால். அதிலிருந்து ஏழரை மணி நேரத்தில் பாலத்துச் சுவர். மொத்தம் 27 மணி நேரம் அந்த மனிதர் கண்ணை மூடவில்லை. அதில் ஸ்டீயரிங் பிடித்தது பன்னிரண்டு மணி நேரம் சொச்சம். மிச்சமெல்லாம் நம் கணக்கில் “நின்ற நேரம்”.

இந்தச் சங்கதி மனதில் இருந்ததால்தான், போன மாசி மகத்துக்கு மச்சான் வந்தபோது நான் அவனைப் பிடித்து உட்கார வைத்தேன். மனைவியின் தம்பி. வைத்திக்குப்பம் பக்கம் வீடு. அவன் தாத்தா சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வகையில் பேரனுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிஸ் பக்கம் லாரி ஓட்டுகிறான். தீர்த்தவாரி முடிந்து மணலைத் தட்டிக்கொண்டு வந்தவன், பர்ஸிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டினான். ஏடிஎம் கார்டு அளவு, போட்டோவும் சில்லும் இருக்கிறது. “இதுதான் மாமா என் சாதகம். இது இல்லாம வண்டிய எடுக்க முடியாது.”

வேவு பார்க்கிற பெட்டிதானே என்றேன். சிரித்தான். அங்கே டிரைவர்கள் அதற்கு வைத்திருக்கிற பட்டப்பெயரே ‘மூஷார்’, அதாவது கோள்சொல்லி. “ஆனா யாரைப் பத்திக் கோள் சொல்லுதுன்னு பாக்கணும் மாமா” என்றான். அந்த ராத்திரி அவன் சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் படிக்கலாம்.

பெட்டி ஒரு கார் ரேடியோ அளவுதான். கியர் பாக்ஸில் ஒரு சென்சார், அச்சு சுற்றுவதை எண்ணிப் பெட்டிக்கு அனுப்பும். டயரின் சுற்றளவுக்கு ஏற்ப அளவு திருத்தி சீல் வைத்திருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அங்கீகாரம் பெற்ற பட்டறையில் மறுபடி சரிபார்க்க வேண்டும். முன்பெல்லாம் மெழுகு பூசிய வட்டக் காகிதம் இருந்தது. விளிம்பில் 24 மணி நேரம் அச்சடித்திருக்கும். கடிகாரத்தோடு சேர்ந்து அது சுற்றச் சுற்ற, ஊசிகள் வேகத்தையும் தூரத்தையும் வேலையையும் கீறிக்கொண்டே போகும். 2006 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் புது லாரிகளுக்கு டிஜிட்டல் பெட்டி கட்டாயம். 2019 ஜூனிலிருந்து செயற்கைக்கோள் மூலம் இடத்தையும் சேர்த்துக் குறிக்கிற பெட்டி வந்துவிட்டது. அதிகாரி வண்டியை நிறுத்தாமலே, சாலையோரத்தில் நின்றபடி, பெட்டியில் ஏதாவது கோளாறு நடந்திருக்கிறதா என்று அடையாளம் பார்க்கிற வசதியும் அதில் உண்டு.

பெட்டியில் இரண்டு கார்டு வாய். ஒன்று ஓட்டுபவருக்கு, ஒன்று கூட இருக்கிற இரண்டாவது டிரைவருக்கு. கீழே நம் பஸ் கண்டக்டர் மெஷின் மாதிரி ஒரு காகிதச் சுருள். மச்சான் ஞாபகார்த்தமாக ஒரு துண்டு கொண்டுவந்திருந்தான். ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து மறந்துவிட்டான். மூன்று நாள் புதுச்சேரி வெயிலில் முக்கால்வாசி கறுத்துவிட்டது. வெப்பத்தில் அச்சாகிற காகிதம் அல்லவா. கறுக்காத பாகத்தில் சின்னச் சின்னப் படங்கள், பக்கத்தில் மணிக்கணக்கு.

படங்கள் நாலே நாலு. ஸ்டீயரிங் சக்கரம் என்றால் ஓட்டுகிறார். குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் என்றால் ஓட்டாத மற்ற வேலை: லோடு ஏற்றுவது, இறக்குவது, டீசல் போடுவது, பேப்பர் பார்ப்பது, டயர் மாற்றுவது. கோடு போட்ட சதுரம் என்றால் அழைத்தால் வரத் தயாராகக் காத்திருக்கிறார். கட்டில் என்றால் ஓய்வு.

சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஸ்டீயரிங் படம் தானாக வந்துவிடும். அதை டிரைவர் மாற்ற முடியாது. சரி, வண்டி நின்றால் என்ன வரும்? நான் கட்டில் என்றுதான் நினைத்தேன். இல்லை. வண்டி நின்றால் அந்தப் பெட்டி தானாக எழுதுவது சுத்தியல். ஓய்வு என்றால் டிரைவர் தன் கையால் பட்டனை அமுக்கிக் கட்டிலைக் கொண்டுவர வேண்டும். நின்ற நேரமெல்லாம் ஓய்வு என்று அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் நினைக்கவில்லை. மறுத்துச் சொல்லாதவரை வேலை என்றுதான் வைத்திருக்கிறார்கள். நம் ஜிபிஎஸ் இதற்கு நேர் எதிர்.

சதுரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அது சதுரம். “ரெண்டு மணி நேரம் ஆகும், போய்ட்டு வாங்க” என்று கேட்டில் சொல்லிவிட்டால் சதுரம். “கூப்பிடறப்ப வா” என்றால் அது காத்திருப்பு இல்லை, வேலை; சுத்தியல்தான். டோக்கன் நம்பர் 23-க்கு அந்த ஊரில் பதினாலு மணி நேரமும் சுத்தியல் விழுந்திருக்கும்.

நேர வரம்புகளையும் சொல்லிவிடுகிறேன். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். வேண்டுமானால் முதலில் 15, அப்புறம் 30 என்று பிரிக்கலாம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56, அடுத்தடுத்த இரண்டு வாரம் சேர்த்து 90. நாள் ஓய்வு 11 மணி நேரம், அதை வாரத்தில் மூன்று தடவை வரை 9 ஆகக் குறைக்கலாம். வார ஓய்வு 45 மணி நேரம். அந்த 45-ஐ வண்டிக்குள் படுத்துக் கழிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. கேபினில் படுக்க இடம் கிடைத்தாலே புண்ணியம் என்று பதினெட்டு வருடம் ஓட்டிய எனக்கு இதைக் கேட்டுக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அங்கே தில்லுமுல்லு இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக உண்டு. கியர் பாக்ஸ் சென்சார் மேல் ஒரு காந்தத்தை வைத்தால் சக்கரம் சுற்றுவது பெட்டிக்குத் தெரியாது. வண்டி 80-இல் போய்க்கொண்டிருக்கும், பெட்டி கட்டில் போட்டுக்கொண்டிருக்கும். இன்னொருவர் கார்டைச் செருகி ஓட்டுவதும் உண்டு. இதைத் தடுக்கத்தான் சீல், இரண்டாவது வழியில் நகர்வைச் சரிபார்ப்பது, செயற்கைக்கோள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஆக, மனிதர்கள் எங்கேயும் ஒன்றுதான். ஐரோப்பாக்காரன் யோக்கியன், நாம் மோசம் என்று நான் எழுத வரவில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. டிரைவர் விதியை மீறினால் அங்கே கம்பெனியும் பதில் சொல்ல வேண்டும். கார்டில் இருப்பதைக் குறைந்தது 28 நாளுக்கு ஒரு தடவையும், பெட்டியில் இருப்பதை 90 நாளுக்கு ஒரு தடவையும் முதலாளி இறக்கிப் பத்திரப்படுத்த வேண்டும். எனக்குத் தெரியாது என்று அவர் கையை விரிக்க முடியாது. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு சீக்கிரம் என்று பார்த்துக் கூலி தருவது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் என்றால் அப்படித் தரவே கூடாது. அதற்கும் மேலே, சரக்கு அனுப்புகிறவரும் புக்கிங் செய்கிறவரும் பேசி முடிக்கிற நேர அட்டவணை இந்த ஓய்வு விதிகளுக்குள் அடங்குவதாக இருக்க வேண்டும். மச்சான் சொன்ன கோள் இதுதான். பெட்டி டிரைவரைப் பற்றி மட்டுமல்ல, கேட்டைப் பற்றியும் முதலாளியைப் பற்றியும் சொல்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே சட்டமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது, 1961-இலிருந்தே இருக்கிறது. 2025 நவம்பர் வரை இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்: நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடுவில் அரை மணி இடைவேளை. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையில் தொடர்ச்சியாக 9 மணி நேரம் ஓய்வு. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் இந்தச் சட்டம் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு இரண்டு வண்டி, மூன்று ஆள். ஆனால் 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனம் ஓட்ட வைக்கப்படுகிற யாருக்கும் அந்த வேலை நேரம்தான் என்கிறது. எத்தனை ஆள் என்று அங்கே கேள்வியே இல்லை. நிம்மதி போயிற்று.

அந்த 1961 சட்டத்தில் ஒரு வாசகம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எதெல்லாம் வேலை நேரம் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். வண்டி ஓடும் நேரம், லோடு ஏற்றி இறக்குவது, கணக்கு எழுதுவது, பழுது பார்ப்பது. எல்லாம் நியாயம். கடைசியில், டெர்மினலில் சும்மா காத்திருக்கும் நேரம், அதுவும் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும். பத்து நிமிடம் காத்திருந்தால் வேலை. பதினாலு மணி நேரம் காத்திருந்தால்? பஸ் டிப்போவை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்பிலும் அந்தப் பதினைந்து நிமிடம் அப்படியே ஏறி உட்கார்ந்திருக்கிறது. போக்குவரத்துத் துறை, தொழிலாளர் துறை அதிகாரிகள் யாராவது இந்த மடலைப் படித்தால், அந்த வரியை மட்டும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள் ஐயா.

அப்புறம் அவசரம். நம் எல்லோருக்கும் தெரிந்த அவசரம். சரக்கோடு போகிற ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லை எடுத்துப் பாருங்கள்: 2021-இலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி. கடலூரிலிருந்து மும்பைக்குச் சுமார் 1,300 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் ஏழு நாள் கெடு. வரி இலாகாவே ஏழு நாள் தருகிறது. நாம் டிரைவரிடம் என்ன சொல்கிறோம்? “மூணாம் நாள் காலைல கேட்டுல நிக்கணும்.” பண்ருட்டிப் பலாப்பழம் என்றால் சரி, பழுத்து வெடித்துவிடும், ஓடித்தான் ஆக வேண்டும், அதற்கு இரண்டு டிரைவர் போடுவோம். டிரம்மில் அடைத்த ரசாயனம் என்ன வெடிக்கவா போகிறது? (வெடிக்கும், அது வேறு காரணத்துக்கு.) நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்பதை 2018-இல் எடுத்துவிட்டார்கள். சம்பளம் மிச்சம் என்று அன்று இனிப்பு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்குப் போன இரண்டாவது டிரைவரோடு தூக்கமும் போய்விட்டது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் போனில் ஜிபிஎஸ் பார்ப்பேன். புள்ளி நகராமல் இருந்தால் கை தானாக நம்பரை அமுக்கும். “எங்க இருக்க? ஏன் நிக்குது?” தூங்குகிற மனிதரை எழுப்பி, ஏன் தூங்குகிறாய் என்று கேட்கிற போன் அது. உங்களில் எத்தனை பேர் இதைச் செய்வதில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நம்மிடம் இருக்கிற கருவி வண்டியின் சாதகத்தை எழுதுகிறது. ஓட்டுகிற ஆளின் சாதகத்தை யாரும் எழுதுவதில்லை. அவர் நேற்று எந்த வண்டியில் இருந்தார், எத்தனை மணிக்குப் படுத்தார் என்பது என் போனில் எந்தப் புள்ளியிலும் கிடையாது.

இப்போது நீங்கள் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும், நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்கிறேன். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று வைத்தால் மாதத்துக்கு ஒரு நடை குறையும். தவணையை யார் கட்டுவது? நான் நிறுத்தினால் பக்கத்து வண்டிக்காரன் ஓடுவான், லோடு அவனுக்குப் போகும். இது பொய்யில்லை. பெட்டியை மட்டும் கொண்டுவந்து, கேட்டை அப்படியே விட்டால் நாம்தான் நசுங்குவோம். அமெரிக்காவில் 2017 டிசம்பரிலிருந்து மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம். அங்கே வேலைக்கு வந்த நேரத்திலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். லோடு ஏற்றும் இடத்தில் காத்திருக்கிற நேரம் அந்தப் பதினாலைத் தின்றுவிடுகிறது, பிறகு அவசரம் பிடித்து ஓட வேண்டியிருக்கிறது என்று டிரைவர்கள் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பல் அப்படியே முள்ளோடை செக்போஸ்ட் வரைக்கும் வர வேண்டாம் என்றால், பெட்டி வருவதற்கு முன்பே நாம் கேட்டின் கணக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு நம்மிடம் இல்லை. விபத்து முடிந்து நான் அந்தக் கம்பெனியில் ஹால்டிங், அதாவது வண்டி காத்து நின்றதற்கான பணம், கேட்டேன். பதினாலு மணி நேரம் வண்டி நின்றதே என்றேன். டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தவர் மரியாதையாகவே ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினார். உள்ளே வந்த நேரம்: மாலை 4:30. அதற்கு முன்னால் என் வண்டி உலகத்திலேயே இல்லை. அவர்களுடைய ரிஜிஸ்தர் கேட்டுக்கு உள்ளே ஆரம்பிக்கிறது. டிரைவரின் நாள் கேட்டுக்கு வெளியே ஆரம்பிக்கிறது.

அதனால் நான் ஒரு சின்ன வேலை செய்து பார்த்தேன். ஒரு நோட்டு. பக்கத்துக்கு ஒரு நாள். நாலு கட்டம்: ஓட்டம், வேலை, காத்திருப்பு, ஓய்வு. மச்சான் பெட்டியில் இருந்த அதே நாலு. கீழே ஒரு வரி: கேட்டுக்கு வந்த நேரம், வாட்ச்மேன் கையெழுத்து. இரண்டு வண்டியிலும் ஒவ்வொன்று வைத்தேன்.

முதல் மாதம் வந்த நோட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லாப் பக்கத்திலும் ஓய்வு எட்டு மணி நேரம், ஒரு நிமிடம் கூடக் குறையாமல். எழுத்து எல்லாம் ஒரே பேனா, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது. நான் சோதனை பண்ணுகிறேன், ஓய்வு குறைந்தால் திட்டுவேன், கூடினால் பேட்டாவைப் பிடிப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள். நினைக்காமல் என்ன செய்வார்கள்? ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்கிற ஆள் கொடுத்த நோட்டு. மூன்றாவது மாதம்தான் உண்மை வர ஆரம்பித்தது. அதுவும் எதனால் என்றால், ஒரு டிரைவர் “காத்திருப்பு 9 மணி” என்று எழுதிய பக்கத்தைக் கொண்டுபோய் நான் புக்கிங் ஆபீசில் சண்டை போட்டு ஒரு நாள் ஹால்டிங் வாங்கி, அதில் பாதியை அவர் கையில் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து கேட் நேரம் நிமிடக் கணக்கில் வருகிறது. வாட்ச்மேன் கையெழுத்துப் போட மறுத்தால் கேட்டையும் வண்டியையும் சேர்த்துப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

நோட்டு பெட்டிக்கு ஈடாகாது, தெரியும். பேனாவுக்கு சீல் கிடையாது. ஆனால் வரப்போகிற பெட்டியில் சுத்தியலும் சதுரமும் இருக்க வேண்டும், சும்மா ஓட்டத்தை மட்டும் எண்ணி டிரைவர் தலையில் அபராதம் போடுகிற மலிவுப் பெட்டியாக அது வந்துவிடக் கூடாது என்று நாம் அரசிடம் பேச வேண்டியிருக்கும். அப்போது வெறுங்கையோடு போனால் எழுந்து நின்று என்ன சொல்வது? நாற்பது வண்டியின் ஆறு மாத நோட்டு மேசையில் இருந்தால் பேச வேண்டிய அவசியமே இருக்காது. எனக்கு அது வசதி.

புதுச்சேரி நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. டீசல் அங்கே மலிவு என்பதால் எங்கள் வண்டிகள் எப்படியும் உங்கள் பக்கம் வந்துதான் டேங்கை நிரப்புகின்றன. பங்க் முதலாளிகளைத் தெரிந்தவர்கள், டீசல் போட்ட வண்டி ஓரமாக நின்று டிரைவர் நாலு மணி நேரம் படுக்க ஓர் இடமும் ஒரு குளியல் குழாயும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் லாரி முனையம் இருக்கிறது, சரி. கடலூரிலிருந்து திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போகிறவனுக்கு, பயமில்லாமல் டீசல் டேங்க் மூடியை மறந்து தூங்க ஓர் இடம் சொல்லுங்கள் பார்ப்போம். புது லாரிகளில் கேபினுக்கு ஏசி வேண்டும் என்று 2025 அக்டோபரிலிருந்து விதி வந்திருக்கிறது. நல்லதுதான். என் இரண்டு வண்டியும் அதற்கு முந்தியவை. என்னைப் போன்றவர்களுக்கு மர நிழல்தான் ஏசி.

அடுத்த கூட்டத்துக்கு ஐம்பது நோட்டு கொண்டுவருகிறேன். மஞ்சக்குப்பத்தில் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். கட்டம் போட்டுக் கொடுத்தது அந்தப் பாலத்துச் சுவரில் மோதிய என் பழைய டிரைவர்தான். காலில் கம்பி வைத்திருக்கிறது. கிளச் மிதிக்க முடியாது, இப்போது என் வண்டிக் கணக்கையெல்லாம் அவர்தான் பார்க்கிறார். நாலு கட்டமும் ஒரே அகலத்தில் போட்டு எடுத்துப்போய்க் காட்டினேன். ஸ்கேலை வாங்கி, ஓய்வில் கொஞ்சம் குறைத்து, காத்திருப்புக் கட்டத்தை அகலமாக்கிக் கொடுத்தார். அப்படியேதான் அச்சாகிறது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
இரண்டு லாரிக்காரன்,
கடலூர் முதுநகர்.